தராசின் இரு தட்டுகள்

தஞ்சைப் பெருவுடையார் கோவிலில் முதலாம் இராசராசன் பொறிக்கச் செய்த கல்வெட்டுகளைப் படிப்போர் ஒரு சிறு செய்தியைக் கவனியாமல் கடந்து விடுவதுண்டு. கோவிலுக்குரிய நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட்டது, பொன் எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என்பதை அவை தவறாமல் குறிப்பிடுகின்றன. அந்த மரக்காலுக்கும் கல்லுக்கும் ‘ஆடவல்லான்’ என்று பெயர். அது அக்கோவிலில் வழிபடப்பட்ட ஆடும் இறைவனின் பெயர். ஆடவல்லான் மரக்கால் ‘இராசகேசரி’ என்னும் அரச மரக்காலுக்கு ஒப்பானது என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மரக்காலுக்கு இறைவன் பெயரும் அரசன் பெயரும் காவலாக நின்றன.

அளவை வாங்குபவரை மட்டுமே காக்கிறது என்று எண்ணுவது நம் வழக்கம். சற்று ஆழ்ந்து நோக்கினால் அது விற்பவரையும் காக்கிறது என்பது விளங்கும். கள்ள மரக்கால் வைத்திருப்பவன் அடுத்த கடைக்காரனைவிட விலையைக் குறைத்துச் சொல்ல முடியும். நிறைந்த மரக்கால் வைத்திருக்கும் நேர்மையான சிறு வணிகன் அவனோடு போட்டியிட்டுத் தோற்பான். நாளடைவில் கடையை மூடுவான். அல்லது தானும் ஒரு கள்ள மரக்கால் செய்து கொள்வான். ஆகவே அரசு அளவையை உறுதி செய்யும்போது இருவர் காக்கப்படுகின்றனர்: ஏமாறக்கூடிய வாங்குநர் ஒருவர், ஏமாற்ற மனமில்லாத சிறு வணிகர் மற்றொருவர்.

கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் நம் நாட்டு அரசுகள் சிறு தொழில்கள் வளர்வதற்கென ஒரு வரிசைச் சட்டங்களையும், நுகர்வோர் ஏமாற்றப்படாதிருப்பதற்கென மற்றொரு வரிசைச் சட்டங்களையும் இயற்றியுள்ளன. இவ்விரு வரிசைகளும் பெரும்பாலும் வெவ்வேறு அலுவலகங்களில் ஒன்றையொன்று அறியாமலே பிறந்தன. மக்களோ அப்படி இருவேறு கூட்டத்தினர் அல்லர். ஒரு தையற்காரர் தையல் இயந்திரம் வாங்கும்போது நுகர்வோர். தைத்த சட்டையை விற்கும்போது தொழில் முனைவோர். இந்த ஒரே மனிதரை அரசு இரண்டாகப் பிளந்து பார்த்ததன் வரலாற்றையும், அவரை முழுமையாகக் கண்ட சில அரிய தருணங்களையும் எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

நெசவாளர் திறந்த கடை

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. நெசவாளரும் வேறு தொழில் செய்வோருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து அதற்கு முதல் திரட்டினர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்சு மாவு, மெழுகுதிரி ஆகியவையே முதல் நாள் சரக்கு. அக்காலத்து இங்கிலாந்தில் ரொட்டியில் படிகாரமும், பிற உணவுப் பொருள்களில் கண்டதும் கலக்கப்பட்டன. கலப்படத்தைத் தடுக்க அந்நாட்டுப் பாராளுமன்றம் முதற் சட்டம் இயற்றியது 1860-இல்தான். சட்டம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே கூலித் தொழிலாளர் தம் கையாலேயே தூய மாவையும் சரியான எடையையும் தேடிக் கொண்டனர். ஆதாயத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்ப, வாங்கியவர்களுக்கே பகிர்ந்தளித்தனர். அக்கடையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே. ஆகவே கலப்படம் செய்ய அங்கே ஆளில்லை.

அதே காலத்தில் செருமனியில் வேறொரு முயற்சி நடந்தது. 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் வையர்புஷ் என்னும் சிற்றூரின் தலைவராயிருந்த ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்யும் சங்கம் ஒன்றை அமைத்தார். தருமத்தால் மட்டும் வறுமை தீராது என்று காலப்போக்கில் உணர்ந்து, 1864-இல் ஹெட்டஸ்டார்ஃப் என்னுமிடத்தில் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிற்றூரின் மக்கள், ஒருவருக்கொருவர் பிணை நின்று, குறைந்த வட்டியில் கடன் பெற்றனர். நகரக் கைவினைஞர்களுக்காக ஷூல்ட்சே டெலிட்ச் என்பவர் 1850-இலேயே இத்தகைய கடன் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்.

ராச்டேல் வாங்குபவரைக் காத்தது. ரைஃபைசனின் சங்கம் உழைத்து விளைவிப்பவரைத் தூக்கி நிறுத்தியது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. தனியே நின்றால் ஏமாற்றப்படும் எளியவர் சேர்ந்து நின்றால் ஏமாற்றப்படுவதில்லை என்ற அறிவே அந்த வேர்.

சென்னை மாகாணம் கற்ற பாடம்

1875-இல் தக்காணத்தின் புனே, அகமதுநகர் மாவட்டங்களில் உழவர்கள் கிளர்ந்தெழுந்து, வட்டிக் கடைக்காரர்களின் கடன் பத்திரங்களைத் தீயிலிட்டனர். கடனில் அழுந்திய உழவரையும் கைவினைஞரையும் மீட்பதெப்படி என்ற கேள்வி அதன்பின் ஆங்கில அரசை விடவில்லை. 1892-இல் சென்னை அரசு, ஃபிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆட்சிப்பணி அதிகாரியை ஐரோப்பிய நில வங்கிகளை ஆராயப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. எத்தனையோ பக்கங்களில் எழுதிய அவர் இறுதியில் கண்ட தெளிவு எளியது: இந்நாட்டுக்கும் ரைஃபைசனைப் போன்ற ஒருவர் தேவை. இதே நிக்கல்சன்தான் பின்னாளில் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிகோலியவர் என்பது நம் கடலோரப் பங்குகளைச் சேர்ந்த வாசகர்களுக்கு உவப்பான செய்தியாயிருக்கும்.

1904-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில், மாகாணத்தின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி தோன்றியதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு சென்னையில் மத்திய நகர வங்கி எழுந்தது. அதுவே இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக வளர்ந்துள்ளது.

இவற்றுக்கிடையே மற்றொரு நிகழ்ச்சி. சட்டம் பிறந்த மறு மாதமே, அதாவது 1904 ஏப்ரலில், திருவல்லிக்கேணியில் ஒரு சிறு குழுவினர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். சரியான எடையில், நியாயமான விலையில், நல்ல சரக்கை உறுப்பினருக்கு வழங்குவதே அவர்களின் நோக்கம். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரில் அது இன்றும் இயங்கி வருகிறது. ராச்டேல் நெசவாளர் மூட்டிய விளக்கின் ஒரு சுடர் சென்னைக் கடற்கரையோரத்தில் ஏற்றப்பட்டது எனலாம்.

ஆயின் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருத்திற் கொண்டது. கடன் வாங்குபவரைச் சட்டம் கண்டது. கடைக்குப் போகிறவரை அது காணவில்லை. பண்டகசாலைகளும், கைவினைஞர் உற்பத்திச் சங்கங்களும், விற்பனைச் சங்கங்களும் சட்டத்தில் உரிய இடம் பெற 1912-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. எளியவரின் ஒரு கையை மட்டும் பிடித்துத் தூக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்கியது போலும். 1935-இல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை அமைப்பாக, இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்றழைக்கும் நிறுவனம் உருவாயிற்று. நெய்பவருக்குச் சந்தையும், உடுப்பவருக்குத் தரமான துணியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வழி பிறந்தது. இது இரு கைகளையும் சேர்த்துப் பிடித்த முயற்சி.

அலுமினியப் பாத்திரமும் ஓர் அரசியல் கேள்வியும்

கடன் ஒருபுறமிருக்க, அரசே தொழிலுக்கு வழிகாட்டலாமா என்ற கேள்வி சென்னையில்தான் கூர்மையாக எழுந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியியற் பேராசிரியர், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898-இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நம் கைவினைஞர்கள் புதிய உலோகத்தில் தேர்ச்சி பெற வேண்டும், தொழில் வேரூன்றியதும் அதைத் தனியாரிடம் விட்டுவிட வேண்டும் என்பது திட்டம். 1903-இல் அவ்வாறே அத்தொழில் ஒரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பின்னர்க் குரோம் முறையில் தோல் பதனிடுதல், இயந்திர இறைவை, கைத்தறிச் சீர்திருத்தம் ஆகியவற்றிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். 1908-இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாடு இப்பணிகளுக்கெனத் தனித்துறை வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் இதை எதிர்த்தனர். அரசு தங்களுக்குப் போட்டியாக வாணிகம் செய்வதா என்பது அவர்களின் முறையீடு. 1910-இல் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபு இலண்டனிலிருந்து தம் முடிவை அறிவித்தார்: அரசு தொழிலைக் கற்பிக்கலாம், தானே வணிக முயற்சியில் இறங்கலாகாது. முளைத்த பயிர் அவ்வாறு வாடியது. 1914-இல் மூண்ட பெரும்போர் கடல் வழியை அடைத்தபின்னரே, உள்நாட்டுத் தொழில் இல்லாமையின் தீங்கு ஆட்சியாளருக்கு உறைத்தது. 1916-இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழில் ஆணையம் இரண்டாண்டு ஆராய்ந்து, அரசு தொழில் வளர்ச்சியில் நேரடியாக ஈடுபட வேண்டும் என்றது. சாட்டர்டனும் அதில் ஓர் உறுப்பினர். அதன் விளைவாகச் சென்னை மாகாணம் 1922-ஆம் ஆண்டின் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டத்தைப் பெற்றது. தொழில் தொடங்குவோருக்கு அரசு கடனும் பிற உதவியும் தரச் சட்ட வழி பிறந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 1918-இல், இதே மாகாணம் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் ஒன்றையும் இயற்றியிருந்தது. இரண்டுமே நல்ல சட்டங்கள். ஆனால் ஒன்று தொழில் துறையின் பிள்ளை; மற்றொன்று நலத்துறையின் பிள்ளை. ஒரு வீட்டில் பிறந்த இவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்தன. செக்கு வைத்துப் பிழைப்பவர் கடன் கேட்டு ஓர் அதிகாரியின் முன் நின்றார். கலப்படக் குற்றத்திற்கு வேறோர் அதிகாரியின் முன் நின்றார். கலப்படமின்றி எண்ணெய் எடுப்பதெப்படி, தன் எண்ணெய் தூயது என்று மெய்ப்பிப்பதெப்படி என்று அவருக்குக் கற்றுத் தருவது எவர் கடமை என்பது தெளிவாகவில்லை.

இதற்கு விதிவிலக்காக அமைந்தது 1937-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் தரப்படுத்தும் சட்டம். ‘அக்மார்க்’ முத்திரை அதன் கொடை. நெய், தேன், மசாலைப் பொடி முதலியவற்றை ஆய்வகத்தில் சோதித்து முத்திரையிடும் ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் அரசே நடத்தும் அக்மார்க் ஆய்வகங்கள் சொந்தமாக ஆய்வகம் வைக்க இயலாத சிறு பொட்டலக்காரருக்கும் உதவுகின்றன. ஒரே முத்திரை விற்பவரின் நேர்மைக்குச் சான்றாகவும், வாங்குபவரின் நம்பிக்கைக்கு அடிப்படையாகவும் அமைகிறது.

கிண்டியில் இரு கைகள்

விடுதலைக்குப்பின் அரசின் உதவிக்கரம் நீண்டது. 1949-இல் சென்னையில் தொழில் முதலீட்டுக் கழகம் தோன்றியது. 1955-இல் கார்வே குழு சிற்றூர்த் தொழில்களுக்கும் சிறுதொழில்களுக்கும் திட்டம் வகுத்தது. அதே ஆண்டில் தேசியச் சிறுதொழிற் கழகம் எழுந்தது. காமராசர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, 1958-இல், கிண்டித் தொழிற்பேட்டை உருவாயிற்று. நிலம், கட்டடம், மின்சாரம், சாலை ஆகியவற்றை அரசே அமைத்துத் தர, சிறு முதலாளி தம் இயந்திரத்தோடு வந்து தொழில் தொடங்கலாம் என்ற இந்த ஏற்பாடு பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. பெரும் முதல் இல்லாத ஒரு பட்டறைக்காரர் உற்பத்தியாளர் என்ற மதிப்பைப் பெற்றது இத்தகைய பேட்டைகளில்தான்.

நுகர்வோரைக் காக்கும் கையும் அதே பத்தாண்டில் நீண்டது. 1954-இல் நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1956-இல் எடை அளவைத் தரச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஊருக்கு ஊர் மாறுபட்ட படியும், பலமும், வீசையும் விடைபெற்றன. ஓர் ஊரின் படி மற்றோர் ஊரில் செல்லாது என்ற குழப்பம் தீர்ந்தது. எழுத்தறியாத உழவர் தம் நெல்லைச் சந்தைக்குக் கொண்டு சென்றபோது ஏமாற்றப்படுவதற்கிருந்த வாய்ப்பு ஒன்று குறைந்தது. இது விற்கும் எளியவருக்குக் கிடைத்த காவல் என்பதை மறக்கலாகாது.

கிண்டித் தொழிற்பேட்டை அமைந்த அதே கிண்டியில், கிங் நிலைய வளாகத்தில், உணவு மாதிரிகளைச் சோதிக்கும் அரசுப் பகுப்பாய்வுக் கூடமும் உண்டு. ஒரே ஊரில் அரசின் ஒரு கை சிறு தொழிலைத் தட்டிக் கொடுத்தது. மறு கை அத்தொழில் செய்த பொருளைச் சோதித்தது. இரு கைகளும் கோத்துக்கொண்டு வேலை செய்திருந்தால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும்!

1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுட்பமான ஓர் ஏற்பாடு இருந்தது. மொத்த வணிகரிடமோ உற்பத்தியாளரிடமோ எழுத்து மூலமான உத்தரவாதத்துடன் சரக்கு வாங்கி, அதை வாங்கிய நிலையிலேயே முறையாக வைத்திருந்து விற்ற சில்லறைக் கடைக்காரர், அதில் கலப்படம் காணப்பட்டாலும் தம்மைக் காத்துக்கொள்ளலாம். கொள்முதல் ரசீதே உத்தரவாதமாகக் கொள்ளப்பட்டது. ரசீது இல்லாதவர் குற்றவாளிக் கூண்டில் தனியே நின்றார். ரசீது கேட்பது வாடிக்கையாளரின் உரிமை என்றே நாம் பேசுகிறோம். சிறு கடைக்காரருக்கும் அத்துண்டுக் காகிதமே கேடயம் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

கேடயம் நிழலாகிய கதை

1967-இல் 47 பொருள்களைச் சிறுதொழிலுக்கென அரசு ஒதுக்கி வைத்தது. பின்னர் அப்பட்டியல் 800-க்கும் மேற்பட்ட பொருள்களாக விரிந்தது. பெரிய ஆலைகளோடு மோத இயலாத சிறியோரைக் காப்பதே நோக்கம். அந்நோக்கம் உயர்ந்ததுதான். எனினும் போட்டியிலிருந்து காப்பதற்கு அரசு காட்டிய அக்கறையைத் தரத்தை உயர்த்துவதற்குக் காட்டவில்லை. முதலீட்டு வரம்பைத் தாண்டினால் சலுகை போய்விடும் என்பதால் வளரக்கூடியவரும் வளர அஞ்சினர். 1997-இல் ஆபித் உசேன் குழு இந்த ஒதுக்கீட்டைக் கைவிடுமாறு கூறியது. படிப்படியாகக் குறைந்த பட்டியலின் கடைசிப் பொருள்கள் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன.

நம் தென்பாண்டிச் சீமையின் தீப்பெட்டித் தொழில் இதற்கு நல்ல சான்று. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். சுவீடன் நாட்டாரின் பெரிய இயந்திர ஆலையான விம்கோவும் அதே காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. கையால் செய்யப்படும் தீப்பெட்டிக்குக் குறைந்த கலால் வரி என்ற கொள்கை பல பத்தாண்டுகள் சிறு தொழிற்கூடங்களைக் காத்தது. மானாவாரி மண்ணில் மழை பொய்த்த ஊர்களில் அடுப்பெரிந்தது அத்தொழிலால்தான். ஆனால் அந்த நிழலில் வேறு சிலவும் வளர்ந்தன. சலுகைக்காக ஒரே முதலாளி பல சிறு கூடங்களாகப் பிரித்துப் பதிவு செய்வது நடந்தது. பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளின் விரல்கள் குச்சி அடுக்கின. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டு 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அவ்விரல்களை நாட்டின் கண்முன் கொணர்ந்தன. தராசின் ஒரு தட்டில் உற்பத்தியாளரும் மறு தட்டில் நுகர்வோரும் இருக்க, அதைத் தூக்கிப் பிடிக்கும் தொழிலாளியின் கையை நெடுங்காலம் எவரும் பார்க்கவில்லை.

யார் நுகர்வோர்?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1962 மார்ச்சு 15-இல் நுகர்வோரின் நான்கு உரிமைகளை அறிவித்தார். பாதுகாப்பு, தகவல் பெறுதல், தெரிவு செய்தல், தம் குரல் கேட்கப்படுதல் என்பவை அவை. 1985-இல் ஐக்கிய நாடுகள் அவை நுகர்வோர் பாதுகாப்புக்கான நெறிமுறைகளை ஏற்றது. அடுத்த ஆண்டு, 1986 டிசம்பர் 24-இல், நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று நிலைகளில் மன்றங்கள் அமைந்தன. வழக்கறிஞர் இல்லாமலே ஓர் எளியவர் தம் குறையைச் சொல்லலாம் என்ற நிலை வந்தது. பொட்டலப் பொருள்களில் எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும் என்ற விதி 1990-இல் வந்தது.

ஆனால் ‘நுகர்வோர்’ யார்? மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்திற்காகவோ வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்றது சட்டம். அப்படியானால் நம் தையற்காரர்? ஒரே ஓர் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர்? 1993-இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு விடையளித்தது. சுயதொழிலால் தம் பிழைப்பை நடத்துவதற்கு மட்டுமே ஒருவர் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் வாங்கியது ஆகாது.

இந்த விளக்கம் எதுவரை செல்லும் என்பதை ஒரு வழக்கு சோதித்தது. மகாராட்டிரத்தில் தனியொருவருக்குச் சொந்தமான லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடம், மாநிலத் தொழில் இயக்ககத்தில் சிறுதொழிலாகப் பதிவு பெற்றது. மாநில நிதிக் கழகத்தின் உதவியும் அதற்கு இருந்தது. 1990-இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு அது ஆணை கொடுத்தது. இயந்திரம் குறித்த காலத்தில் வரவில்லை, வந்தபின் குறையுடையதாயிருந்தது என்பது வாங்கியவரின் முறையீடு. வழக்கு படிப்படியாக மேலேறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1995 ஏப்ரல் 4-இல் தீர்ப்பு வந்தது. தானே ஓட்டிப் பிழைக்கக் கார் வாங்குபவரும், தானே தட்டச்சு செய்து பிழைக்கத் தட்டச்சுப்பொறி வாங்குபவரும் நுகர்வோரே. ஓரிரு உதவியாளர் வைத்துக்கொண்டாலும் அந்நிலை மாறாது. இவ்வளவு பெரிய இயந்திரத்தை வாங்கிய இத்தொழிற்கூடமோ வணிக நோக்கத்தில் வாங்கியது. ஆகவே நுகர்வோர் மன்றம் அதற்கு உரிய இடமன்று.

தீர்ப்பின் நியாயத்தை நாம் குறை கூறவில்லை. எங்கேனும் ஒரு கோடு போடத்தான் வேண்டும். பொது உரிமையியல் நீதிமன்றத்தின் கதவும் திறந்தே இருந்தது. எனினும் இவ்வழக்கு ஓர் உண்மையைச் சுட்டுகிறது. கடன் வழங்கும் அலுவலகத்தில் ஒருவரைச் ‘சிறியவர்’ என்று அரவணைத்த அரசமைப்பு, குறையுள்ள இயந்திரம் வந்தபோது நுகர்வோர் மன்றத்தின் வாயிலில் ‘நீர் பெரியவர்’ என்று திருப்பி அனுப்பியது. கடன் தவணையோ எவருக்காகவும் நிற்பதில்லை.

காவலும் கருணையும்

நுகர்வோரைக் காக்கப் போய்ச் சிறியோரை நெருக்கிய நிகழ்ச்சியும் உண்டு. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு விழித்தெழுந்தது, அவ்வாண்டே சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டே விற்க வேண்டுமென ஆணையிட்டது. உயிர்கள் போனபின் அரசு வாளாவிருக்க இயலாது. ஆயினும் சோதனைக் கூடமும் பொட்டலமிடும் இயந்திரமும் பெரிய ஆலைக்கு எளிய செலவு. செக்காட்டி எண்ணெயை அளந்து விற்பவருக்கோ அது தாங்கவொண்ணாச் சுமை. பலரின் குற்றமற்ற பிழைப்பும் அந்த ஆணையின் நிழலில் வந்தது. அவருடைய எண்ணெயைக் குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சான்று தரும் ஓர் ஆய்வகம் அவர் ஊருக்கு அருகில் இருந்திருந்தால், உண்பவரும் பிழைத்திருப்பார், செக்கும் பிழைத்திருக்கும்.

அண்மைக் காலச் சட்டங்களில் இப்பாடம் ஓரளவு உறைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், சிறு உணவுத் தயாரிப்பாளர், தெரு வணிகர் ஆகியோர் பெரிய நிறுவனத்தைப் போல் உரிமம் பெற வேண்டியதில்லை, பதிவு செய்தால் போதும் என்று வேறுபடுத்தியது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த நுண், சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம், சிறியோரிடம் சரக்கு வாங்குபவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றது. பெரிய வாங்குநரிடமிருந்து சிறிய விற்பனையாளரைக் காக்கும் ஏற்பாடு இது. தராசு எப்போதும் வாங்குபவர் பக்கமே எளியவர் இருப்பதாகக் கொள்ளலாகாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம், வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே முறையிட வழி செய்தது. சுயதொழில் செய்வோருக்கான விளக்கத்தையும் அது காத்து வைத்துள்ளது.

துணைநிற்றல்

தொழிலாளர் நிலை குறித்து 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலையும், நாற்பது ஆண்டுகள் கழித்து 1931-இல் பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட மடலையும் நாம் அறிவோம். பிந்திய மடல் தெளிவாக்கிய துணைநிலைக் கோட்பாடு நம் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மேலுள்ள அமைப்பு கீழுள்ளவர் செய்யக்கூடியதைப் பறித்துக்கொள்ளலாகாது. அவர் தம் பணியைத் தாமே செய்யத் துணைநிற்க வேண்டும். இதன்படி அரசின் உதவி சிறியோரை என்றும் சலுகையில் தங்கியிருக்கச் செய்வதாகவும் இருக்கலாகாது. அரசின் கண்டிப்பு அவரைத் தொழிலைவிட்டே விரட்டுவதாகவும் இருக்கலாகாது. நல்ல பொருளைச் செய்ய அவரை வல்லவராக்குவதே இரண்டின் நோக்கமாதல் வேண்டும். மரக்காலைச் சிறிதாக்குவதையும் ஏழையை ஒரு சோடிக் காலணிக்கு விலைபேசுவதையும் ஆமோசு இறைவாக்கினர் ஒரே குற்றச்சாட்டில் அடுக்கினார். அளவையின் பொய் கணக்குப் பிழையோடு நிற்பதில்லை. அது மனிதரையே குறைத்து அளக்கிறது.

வள்ளுவர் துலாக்கோலையும் வணிகரையும் ஒரே அதிகாரத்தில், நடுவு நிலைமையில், வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று நம் பங்குகளிலெல்லாம் வேரூன்றியுள்ளது. ஊறுகாய், மசாலைப் பொடி, சத்துமாவு என அப்பெண்கள் செய்து விற்பவை பல. அவர்களே மாலையில் வேறொரு கடையில் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கடன் கிடைக்க வங்கிப் படியேறிப் பேசுகிறோம், அது வேண்டியதே. அவர்களுடைய மிளகாய்ப் பொடியை அக்மார்க் ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதித்துக்கொள்ளவும், மிளகாய் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தவும், பொட்டலத்தில் எடையையும் நாளையும் விலையையும் பிழையின்றி எழுதவும், சரக்கு வாங்கிய பெரிய கடை 45 நாளில் பணம் தராவிட்டால் எங்கே முறையிடுவது என்றறியவும் உதவுகிறோமா? ராச்டேல் நெசவாளர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. நமக்கோ சட்டம் வந்துவிட்டது. அதன் இரு பாதிகளையும் ஒன்றாக எடுத்து எளியவர் கையில் கொடுப்பார்தாம் வேண்டும்.

தராசுக்குத் தட்டுகள் இரண்டு. அவற்றைத் தாங்கும் முள் ஒன்றே. விற்பவருக்கு ஒரு நீதி, வாங்குபவருக்கு ஒரு நீதி என்று இரண்டு முள் வைத்த தராசு எதையும் நிறுப்பதில்லை.